மறுக்கும் உரிமை யாருக்கு? – இரண்டு ஆண்டுகளின் கலைச் செய்திகளை முன்வைத்து

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கலை, பண்பாட்டுச் செய்திகளைத் தொகுத்துப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். எந்தப் படம் எவ்வளவு வசூல் செய்தது, எந்த நடிகர் யாரோடு சேர்ந்து நடிக்கிறார் என்பதெல்லாம் உங்கள் கைப்பேசியில் என்னைவிட முன்னதாகவே வந்துவிடுகிறது. அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வந்த சில செய்திகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். "மாட்டேன்" என்று சொல்லும் உரிமை இங்கே யாருக்கு இருக்கிறது?

ஏன் இந்தக் கேள்வி? சாதி என்பது ஒருவர் என்ன செய்யலாம் என்பதை மட்டும் தீர்மானிப்பதில்லை. எதைச் செய்ய மறுக்கலாம் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. 1927இல் மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் குளத்துத் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசவில்லை. செத்த மாட்டை இழுப்பதை நிறுத்துங்கள், இழிவு என்று உங்கள் தலையில் கட்டிய வேலைகளை உதறுங்கள் என்றும் சொன்னார். தண்ணீர் எடுக்கும் உரிமையும் வேலையை மறுக்கும் உரிமையும் அவருக்கு ஒரே போராட்டத்தின் இரண்டு பக்கங்கள். கலைச் செய்திகளையும் அந்தக் கண்ணோடு வாசிக்கலாம்.

சபாவில் ஒரு மறுப்பு

முதல் செய்தி எல்லோருக்கும் தெரிந்தது. 2024 மார்ச்சில் சென்னை மியூசிக் அகாடமி, டி.எம். கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி விருதை அறிவித்தது. உடனே ரஞ்சனி – காயத்ரி சகோதரிகள் அந்த ஆண்டு டிசம்பர் கச்சேரியில் பாட மாட்டோம் என்று அறிவித்தார்கள். வேறு சிலரும் விலகினார்கள். ஒருவர் தான் முன்பு வாங்கிய விருதையே திருப்பிக் கொடுத்தார். கிருஷ்ணா மீது அவர்கள் வைத்த முக்கியமான குற்றச்சாட்டு, அவர் தந்தை பெரியாரைப் போற்றினார் என்பது.

பிறகு அது நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு நாளிதழ் எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரில் வழங்கும் பரிசுத் தொகையைக் கிருஷ்ணாவுக்குத் தரக்கூடாது என்று எம்.எஸ். குடும்பத்தைச் சேர்ந்தவர் வழக்குப் போட்டார். உச்சநீதிமன்றம் டிசம்பரில், எம்.எஸ். பெயரிலான அந்த விருதைப் பெற்றவராக அவரைக் கருதக்கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. சங்கீத கலாநிதி பட்டம் மட்டும் 2025 சனவரி 1 அன்று வழங்கப்பட்டது.

இந்தச் சண்டையில் நாம் எந்தப் பக்கம் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. பெரியாரைப் பேசியதற்காக ஒரு கலைஞர் தண்டிக்கப்படக்கூடாது. ஆனால் நாம் பார்க்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. விலகியவர்களை யாரும் அடிக்கவில்லை. அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் நிறுத்தப்படவில்லை. அது "மனசாட்சியின் குரல்" என்று விவாதிக்கப்பட்டது. ஆதரித்துப் பலர் எழுதினார்கள். பாட மறுப்பது அவர்களுடைய உரிமை, அதில் சந்தேகமே இல்லை. இருக்கட்டும். அந்த உரிமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் வேறு ஓர் இடத்தில் அது நமக்குத் தேவைப்படும்.

எம்.எஸ். பெயரைச் சொன்னதால் ஒரு செய்தி. மதுரை வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகள் அவர், தேவதாசி மரபில் பிறந்தவர். சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். ஆண்டு 1968. அகாடமி தொடங்கியது 1928இல். ஒரு பெண்ணுக்கு அந்த நாற்காலியைத் தர 40 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இன்று அவர் பெயரின் புனிதம் பற்றி ஆவேசப்படுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சொல்ல வேண்டும்.

தோல் யாருடைய வேலை?

மேடையில் இருப்பவர்களுக்கு நடுவே நடந்த சண்டை அது. மேடைக்குக் கீழே இருப்பவர்கள் அந்த விவாதத்தில் வரவே இல்லை. மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பசு, எருமை, ஆடு என மூன்று விலங்குகளின் தோலும் அதில் சேர்கிறது. தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, வெட்டி, வார் பிடித்து, சோறு வைத்து, சுருதி கூட்டித் தருகிற தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் தலித்துகள், அவர்களில் பலர் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதம் பற்றி ரசிகர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்த நாதத்துக்கான வாத்தியத்தைச் செய்து கொடுத்தவர் தஞ்சாவூர் பர்லாந்து. மணி ஐயருக்கு 1966இல் சங்கீத கலாநிதி கிடைத்தது. அன்று முதல் இன்று வரை அந்தப் பட்டியலில் ஒரு மிருதங்கத் தொழிலாளியின் பெயர் கிடையாது.

இந்தத் தொழிலாளர்களைப் பற்றித்தான் கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதினார். அதன் வெளியீட்டுக்குத் தந்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. இதழியல் கல்லூரி ஒன்றில்தான் அந்த நூல் வெளியானது. வாத்தியம் அரங்குக்குள் போகலாம். அதைச் செய்தவரின் கதை போகக்கூடாது. நூலை எழுதியவர் பார்ப்பனராக இருந்தும் இந்த நிலை என்றால், அந்தத் தொழிலாளியின் பேரனோ பேத்தியோ எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பறைக்கு விருது

இரண்டாவது செய்தி. 2025 சனவரியில் அறிவிக்கப்பட்ட பத்மஸ்ரீ பட்டியலில் அலங்காநல்லூர் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் பெயர் இருந்தது. அதே பட்டியலில் புரிசை கண்ணப்ப சம்பந்தன் பெயரும் தெருக்கூத்துக்காக இருந்தது. பல ஆண்டுகள் இளைஞர்களுக்குப் பறை கற்றுக்கொடுத்த ஓர் ஆசானுக்கு இந்த மரியாதை கிடைத்ததில் நம் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் பறை என்ற கருவிக்கு மரியாதை கிடைப்பதும், பறையடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தப்படும் மனிதருக்கு விடுதலை கிடைப்பதும் ஒன்றல்ல. நம் இயக்கங்களுக்குள் இது பழைய விவாதம். ஒரு தரப்பு சொன்னது: இது நம்மேல் சுமத்தப்பட்ட சாதித் தொழில், சாவு வீட்டில் அடிப்பதை நிறுத்து, பறையைத் தூக்கிப்போடு. இன்னொரு தரப்பு சொன்னது: பறை தமிழரின் ஆதி இசை, அதை இழிவு என்றது சாதி, அந்த இழிவைத் தூக்கிப்போடு, பறையைக் கையில் எடு. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு 1990களிலிருந்தே தலித் பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. பெண்கள் தொடவே கூடாது என்றிருந்த கருவி அது. சென்னையில் 2018 சனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியது. 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' சபாக்களின் மாதத்தையே நம்முடைய மாதமாகவும் ஆக்கியது. இதெல்லாம் இரண்டாவது தரப்பின் சாதனை.

இரண்டில் எது சரி? நான் இப்படிப் பார்க்கிறேன். ஒருவர் மறுக்க முடிகிறபோதுதான் அவர் செய்வது கலை. மறுக்க முடியாவிட்டால் அது ஊழியம். சென்னை மேடையில் பறையை எடுக்கிற இளைஞருக்கு நாளைக்கு கிதாரும் எடுக்கலாம், ஒன்றும் எடுக்காமலும் இருக்கலாம். ஊரில் ஆதிக்க சாதிக்காரர் வீட்டுச் சாவுக்கு "வரமாட்டேன்" என்று சொல்லும் தாத்தாவுக்கு என்ன நடக்கும்? கடையில் பொருள் கிடைக்காது. வயல் வேலை கிடைக்காது. பல இடங்களில் அடி உதை. சபாவில் பாட மறுத்தால் மனசாட்சி. சாவு வீட்டில் அடிக்க மறுத்தால் திமிர். இரண்டு பேரும் இசைக் கலைஞர்கள்தானே? இரண்டு பேரும் சொன்னது "மாட்டேன்" என்ற ஒரே சொல்தானே?

இங்கே சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பட்டியல் சாதியினரிடம் கட்டாய வேலை வாங்குவதும், பிணத்தையோ செத்த விலங்கையோ தூக்கச் சொல்லியும் குழி வெட்டச் சொல்லியும் நிர்ப்பந்திப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். விருதுச் செய்தியை நூறு பேருக்குப் பகிரும்போது இந்தத் தகவலையும் சேர்த்துப் பகிருங்கள்.

நான் படித்த கல்லூரி ஒன்றில் ஆண்டு விழாவுக்கு ஒரு பறைக்குழு வந்தது. வாசலிலிருந்து மேடை வரை விருந்தினர்களைப் பறையடித்து அழைத்து வந்தார்கள். எல்லோரும் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். அழைப்பிதழில் தலைமை தாங்குபவர், வாழ்த்துரை வழங்குபவர், நன்றியுரை சொல்பவர் வரை எல்லார் பெயரும் இருந்தது. பறைக்குழுவுக்கு மட்டும் "கிராமிய இசையுடன் வரவேற்பு" என்று ஒரு வரி. குழுவின் பெயரும் இல்லை, பறை என்ற சொல்லும் இல்லை. பறையை ஏற்றுக்கொள்வார்கள், அந்தச் சொல் மட்டும் நாக்கில் வராது.

நாட்டுப்புறக் கலை என்றாலே அது நம் பக்கம் என்றும் நினைத்துவிட வேண்டாம். கொங்குப் பகுதியில் வள்ளி கும்மி மேடைகள் பெரிய கூட்டத்தைத் திரட்டுகின்றன. பெண்கள் ஆயிரக்கணக்கில் ஆடுகிறார்கள். அப்படி ஒரு மேடையில், சொந்தச் சாதியில்தான் திருமணம் செய்வோம் என்று இளம்பெண்களிடம் உறுதிமொழி வாங்கும் காணொளியும் வெளியே வந்தது. முருகனைக் காதலித்து மணந்த வேடர்குல வள்ளியின் கதை அது! அந்தக் கதையை ஆடிவிட்டு, காதலித்து மணக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்கிறார்கள். கலையின் வடிவம் மக்களுடையதாக இருந்தால் போதாது. அந்த மேடையில் ஆடுகிற பெண்ணுக்கு மறுக்கும் உரிமை இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

மூவாயிரம் என்ற எண்

மூன்றாவது, சினிமா. இங்கே செய்தி நிறைய இருக்கிறது.

மகாத்மா ஜோதிராவ் பூலே, சாவித்திரிபாய் பூலே வாழ்க்கையைச் சொல்லும் 'பூலே' என்ற இந்திப் படம், பூலே பிறந்த நாளான 2025 ஏப்ரல் 11 அன்று வெளியாக வேண்டியது. மகாராட்டிரத்தின் பார்ப்பன அமைப்புகள் எதிர்த்தன. படம் ஏப்ரல் 25க்குத் தள்ளிப்போனது. தணிக்கை வாரியம் அதில் கைவைத்த இடங்களைப் பாருங்கள். மகர், மாங் என்ற சாதிப் பெயர்கள், பேஷ்வா ஆட்சியைக் குறிக்கும் சொல், மனுவின் சாதி முறை பற்றிய குறிப்பு. அதோடு, மூவாயிரம் ஆண்டு அடிமைத்தனம் என்று வந்த இடத்தை "பல ஆண்டுகள்" என்று மாற்றச் சொன்னார்கள்.

பேஷ்வா ஆட்சியில் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் இடுப்பில் துடைப்பமும் கழுத்தில் கலயமும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலிலேயே எழுதியிருக்கிறார். வெளியானது 1936இல். பள்ளி, கல்லூரிகளில் படிக்கிற நூல். 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய இணையரின் கதையை, பேஷ்வா என்ற சொல் இல்லாமல், மனு என்ற பெயர் இல்லாமல் எப்படிச் சொல்வது? அவர்கள் யாரை எதிர்த்துப் பள்ளி நடத்தினார்கள்? மழையையும் வெயிலையும் எதிர்த்தா?

அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று 'தடக் 2' வந்தது. நம் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' படத்தின் இந்தி வடிவம். 16 இடங்களில் மாற்றம் செய்த பிறகுதான் சான்றிதழ். அதில் ஒன்று, மூவாயிரம் ஆண்டுப் பாக்கியை எழுபது ஆண்டுகளில் தீர்க்க முடியாது என்ற பொருளில் வரும் வசனம். மூவாயிரம் போய், எண் இல்லாத ஒரு பொதுச்சொல் வந்தது.

சில மாத இடைவெளியில் இரண்டு படங்கள். இரண்டிலும் அதே எண் வெட்டப்பட்டிருக்கிறது. ஏன்? "பல ஆண்டுகள்" என்றால் அது ஒரு பழைய கதை, எல்லோரும் பெருமூச்சு விட்டுவிட்டுக் கடந்துபோகலாம். மூவாயிரம் என்றால் அது கணக்கு. கணக்கு என்றால் யார் யாருக்குத் தர வேண்டும் என்ற கேள்வி வரும். இடஒதுக்கீட்டை "இன்னும் எத்தனை காலம்?" என்று கேட்பவர்களுக்கு அந்த எண் பதில் சொல்லிவிடும். அதனால்தான் அதன்மேல் கத்திரி.

முதல் 'தடக்' படமும் ஒரு மறுஆக்கம்தான். நாகராஜ் மஞ்சுளேவின் மராத்திப் படமான 'சாய்ராட்' 2016இல் வந்தது. அதை 2018இல் இந்தியில் எடுத்தபோது சாதி கிட்டத்தட்டக் காணாமல் போய், ஏழை – பணக்காரர் காதல் கதை ஆகிவிட்டது. அப்போது தயாரிப்பவர்களே சாதியை விட்டுவிட்டார்கள். ஏழு ஆண்டு கழித்து அவர்கள் சாதியைச் சொல்லத் துணிந்தபோது, வாரியம் அதைக் குறைக்கச் சொல்கிறது.

இன்னும் இரண்டு படங்கள். சந்தியா சூரி இயக்கிய 'சந்தோஷ்', ஒரு தலித் சிறுமியின் கொலையை விசாரிக்கும் பெண் காவலரின் கதை. காவல்துறையின் சாதியையும் வன்முறையையும் பேசுகிறது. பிரிட்டன் அதைத் தன் நாட்டின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பியது. இந்தியத் திரையரங்குகளுக்கு அனுமதி இல்லை. நீரஜ் கைவானின் 'ஹோம்பவுண்ட்', ஒரு தலித் இளைஞனும் ஒரு முஸ்லிம் இளைஞனும் நண்பர்களாக இருக்கிற, பொதுமுடக்க காலத்துக் கதை. இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்குப் போன படம் அது. வெளிநாட்டுக்குப் பெருமையாக அனுப்பிய படம், உள்நாட்டில் வெட்டுகளுக்குப் பிறகே திரைக்கு வந்தது.

"வெட்ட மாட்டேன்" என்று இயக்குநர் சொல்லலாமே என்று கேட்பீர்கள். முன்பு, வாரியத்தின் முடிவில் உடன்பாடு இல்லையென்றால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. 2021 ஏப்ரலில் ஒன்றிய அரசு அதைக் கலைத்துவிட்டது. இனி நேராக உயர்நீதிமன்றம்தான். வழக்கறிஞர் கட்டணம், மாதக்கணக்கில் காத்திருப்பு, கடனுக்கு ஓடும் வட்டி. நம் ஊரில் கோபி நயினார் இயக்கி வெற்றிமாறன் தயாரித்த 'மனுசி' படத்துக்கு அதுதான் நடந்தது. சான்றிதழ் மறுப்பு, உயர்நீதிமன்றம், நீதிபதியே படத்தைப் பார்க்க வேண்டிய நிலை. வெற்றிமாறன் பெயருக்கே இந்த அலைச்சல் என்றால், முதல் படம் எடுக்கிற, கையில் காசில்லாத ஒரு தலித் இளைஞர் என்ன செய்வார்? வெட்டிவிடுவார். அடுத்த படத்தை எழுதும்போதே, மனதுக்குள்ளேயே வெட்டிக்கொள்வார். அந்தக் கடைசி வெட்டு எந்தப் பட்டியலிலும் வராது.

இதையெல்லாம் தாண்டி வருகிற படங்களுக்கு இன்னொரு முத்திரை காத்திருக்கிறது: "சாதிப் படம்". 2025 அக்டோபர் 17 அன்று மாரி செல்வராஜின் 'பைசன்' வந்தது, கபடி வீரர் மணத்தி கணேசன் வாழ்க்கையைத் தழுவியது. ஏன் எப்போதும் சாதியைப் பற்றியே எடுக்கிறீர்கள் என்ற கேள்வியும் கூடவே வந்தது. 1992இல் 'சின்ன கவுண்டர்' வந்தது, 'தேவர் மகன்' வந்தது. சாதி, படத்தின் பெயரிலேயே இருந்தது. அவை கிராமத்துப் படங்கள், குடும்பப் படங்கள். சாதியால் அடிபட்டவன் பேசினால் மட்டும் அது சாதிப் படம்.

பெயரும் கூலியும்

நான்காவது செய்தி கொஞ்சம் பழையது, ஆனால் இன்னும் தீரவில்லை. 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு எழுதிய பாடல் அது. அந்த ஆகஸ்டில் ஓர் இசை இதழின் இந்தியப் பதிப்பு தன் அட்டையில் அறிவு எழுதிய பாடல்களைக் கொண்டாடியது. அட்டைப் படத்தில் அறிவு இல்லை. கண்டனம் வந்த பிறகு தனியாக ஒரு மின்னிதழ் அட்டை போட்டார்கள். 2022 சூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே அந்தப் பாடல் அரங்கேறியது. பாடல் யாருடைய உழைப்பு என்று பொதுவெளியில் விவாதம் நடந்தது. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாடலிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சொன்னார்.

கோடிக்கணக்கானோர் கேட்ட பாடல். மூன்று ஆண்டுகள். ஒரு ரூபாய்கூட இல்லை. தோட்டத்தில் உழைத்த பாட்டிக்கு நிலம் கிடைக்கவில்லை. பேரனின் பாட்டுக்கும் பட்டா கிடைக்கவில்லை. இங்கே மறுக்கும் உரிமை என்பது ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, "இந்த விதிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லும் உரிமை. அதற்கு ஒரு வழக்கறிஞர் வேண்டும், ஒரு சங்கம் வேண்டும், அடுத்த மாத வாடகைக்குப் பணம் வேண்டும். திறமை மட்டும் போதாது.

தசரா விளக்கு

கடைசியாக, பக்கத்து மாநிலம். 2025 மே மாதம் பானு முஷ்டாக், 'ஹார்ட் லேம்ப்' சிறுகதைத் தொகுப்புக்காகச் சர்வதேச புக்கர் பரிசு பெற்றார். மொழிபெயர்த்தவர் தீபா பஸ்தி. கன்னடத்துக்கு இது முதல் முறை. தலித் இயக்கத்தோடு தோள்சேர்ந்து வளர்ந்த 'பண்டாய' எனும் கலக இலக்கிய மரபில் வந்தவர் பானு. கர்நாடக அரசு அவரை மைசூர் தசராவைத் தொடங்கிவைக்க அழைத்தது. முஸ்லிம் பெண் எப்படி வரலாம் என்று எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள். 2017இல் கவிஞர் நிசார் அகமது அதே விழாவைத் தொடங்கிவைத்திருக்கிறார். உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் வழக்கைத் தள்ளுபடி செய்தன. செப்டம்பர் 22 அன்று அவர் விழாவைத் தொடங்கிவைத்தார்.

இது நல்ல செய்தி. அரசு நடத்தும் பொது விழாவில் "நீ வராதே" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை என்று ஆனது. மறுக்கும் உரிமைக்கும் விலக்கிவைக்கும் அதிகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்த வழக்கு காட்டுகிறது. நான் செய்ய மாட்டேன் என்பது உரிமை. அவர் செய்யக்கூடாது என்பது ஆதிக்கம்.

என்ன செய்யலாம்?

தோழர்களே, செய்தி படித்தோம், கோபப்பட்டோம் என்று கலைந்துபோக வேண்டாம். சில கோரிக்கைகளை நாம் எழுப்பலாம்.

ஒன்று, இசை விருதுகளிலும் ஓய்வூதியத் திட்டங்களிலும் வாத்தியம் செய்யும் தொழிலாளர்களுக்கு இடம் வேண்டும். இரண்டு, கலைக்கப்பட்ட திரைப்பட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் திரும்ப வேண்டும். தணிக்கையில் எந்தச் சொல் எந்தக் காரணத்தால் நீக்கப்பட்டது என்பது மக்களுக்குத் தெரியும்படி வெளியிடப்பட வேண்டும். மூன்று, அரசும் கல்லூரிகளும் நடத்தும் விழாக்களில் பறைக்குழு உட்பட எல்லாக் கலைஞர்களின் பெயரும் அழைப்பிதழில் வர வேண்டும். கூலி, பயணச் செலவு, உணவு முன்கூட்டியே எழுத்தில் பேசப்பட வேண்டும். இதை நாளைக்கே உங்கள் துறையில், உங்கள் விடுதி விழாவில் நீங்கள் தொடங்கலாம். யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நான்காவது, எல்லாவற்றிலும் கடினமானது. உங்கள் ஊரில் சாவுக்குப் பறையடிக்க ஒருவர் மறுத்தால், அந்த இரவு அவர் வீட்டு வாசலில் நாம் இருக்க வேண்டும். காவல் நிலையத்துக்கு அவரோடு போக வேண்டும். புகாரில் சரியான சட்டப்பிரிவு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறுநாள் கடைக்காரர் பொருள் தர மறுத்தால் பக்கத்து ஊரிலிருந்து வாங்கிவந்து கொடுக்க வேண்டும். மேடையில் நாம் பறையடித்து ஆடுவது அவருக்கும் சேர்த்துத்தான் என்றால், அவருடைய "மாட்டேன்" நம்முடையதாகவும் இருக்க வேண்டும்.